கயிற்றை அறுக்கப் போன கை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். அப்போது நான் சென்னைத் துறைமுகத்தில் டைவர் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு ராயபுரத்தில். டைவர் என்றதும் இப்போது சினிமாவில் மீன் மாதிரி நீந்துகிறார்களே, அப்படி நினைத்துவிடாதீர்கள். எங்களுக்கு ரப்பர் பூசிய முரட்டு உடுப்பு, தலையை முழுக்க மூடும் செம்புத் தொப்பி, காலுக்கு ஈயம் வைத்த செருப்பு. மேலே படகில் இரண்டு பேர் சக்கரம் சுற்றிக் குழாய் வழியாகக் காற்று அனுப்புவார்கள். இடுப்பில் ஒரு கயிறு. அதன் மறுமுனையைப் படகில் பிடித்திருப்பவர்தான் கீழே இருப்பவனுக்குக் கண்ணும் காதும். ஒரு இழுப்பு என்றால் ‘சௌக்கியமா?’ நான்கு இழுப்பு என்றால் ‘மேலே வா.’ எத்தனை இழுப்பு வருகிறதோ அத்தனை இழுப்பு திருப்பிக் கொடுக்க வேண்டும். எங்கள் தொழிலில் மீறவே கூடாத வழக்கம் அது.

எனக்குக் கயிறு பிடித்தவர் என் மனைவியின் அண்ணன். சரியான ஜெபக்காரர். நான் இறங்குவதற்கு முன் கயிற்றை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். எனக்குச் சிரிப்பு வரும், சில நாள் எரிச்சலும் வரும். நானும் ஞானஸ்நானம் வாங்கிய கிறிஸ்தவன்தான். ஆனால் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போய்வருவதோடு சரி. சிறு வயதிலேயே அப்பாவை இழந்து, யார் தயவும் இல்லாமல் முன்னுக்கு வந்தவன் என்ற திமிர் எனக்கு ஏகத்துக்கு இருந்தது. காற்று அனுப்பும் இயந்திரத்தைக்கூட நானே தொட்டுப் பார்க்காமல் இறங்க மாட்டேன்.

அந்த ஐப்பசியில் அடித்த புயலில் ஒரு பெரிய மரப்படகு சரக்கோடு துறைமுகச் சுவரோரம் மூழ்கிவிட்டது. ஒருக்களித்துக் கிடந்ததால் அதன் மேல்தட்டில் இருந்த சதுர வாசல் வீட்டுக் கதவு மாதிரி நிமிர்ந்து நின்றது. அதன் வழியாக உள்ளே நுழைந்து, அங்கே கிடக்கும் இரும்புச் சாமான்களுக்குச் சங்கிலி மாட்டிவிட்டு, அதே வழியாகத் திரும்ப வேண்டும். அதுதான் வேலை.

“இன்னிக்கி கடலு ஒரு மாதிரியா கீது மாப்ள. நீயும் ஒரு வார்த்த ஜெபம் பண்ணிட்டு எறங்கேன்” என்றார் மச்சான்.

“நீ மொதல்ல கயித்தப் புடி மச்சான். கர்த்தர அப்பால புடிச்சிக்கலாம்” என்றேன். சக்கரம் சுற்றுகிறவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

மேலே காலைப் பத்து மணி வெயில். கீழேயோ, கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்றே தெரியாத இருட்டு. புயல் கலக்கிய சேறு இன்னும் அடங்கவில்லை. காற்று வரும் ‘புஸ்... புஸ்’ சத்தத்தைத் தவிர வேறு ஓசை இல்லை. தடவித் தடவிப் படகுக்குள் நுழைந்து சங்கிலியை மாட்டினேன். திரும்பி நடந்தேன். கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை. காலடியில் மெத்தென்று சேறு. வாசலைத் தாண்டி வெளியே கடல் தரைக்கு வந்துவிட்டேன் என்று முடிவு செய்துகொண்டேன்.

அப்போது கயிறு நான்கு முறை இழுபட்டது. என் முதுகுப் பக்கத்திலிருந்து.

வெளியே நிற்கிற என்னைக் கயிறு திரும்பவும் படகின் வயிற்றுக்குள் இழுக்கிறது! உள்ளே எங்கேயோ சிக்கிக்கொண்டிருக்கிறது, மேலே இருக்கும் மனுஷனுக்கு அது தெரியவில்லை என்று நினைத்தேன். மறுபடியும் நான்கு இழுப்பு. நான் பதில் கொடுக்கவில்லை. எனக்கு என் சொந்த வழி ஒன்று இருந்தது. தொப்பியில் காற்று வெளியேறும் துளையைத் திருகி மூடிவிட்டால் உடுப்பு உப்பி, தானாக மேலே மிதந்துவிடலாம். குழாய்க்குத் தளர்வு இருந்தது, கயிறுதான் இடைஞ்சல். கத்தியை எடுத்து அதன்மேல் வைத்தேன்.

டக். டக். டக்.

என் தொப்பியின் பின்பக்கத்தில் யாரோ தட்டினார்கள். வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டுகிற மாதிரி, நிதானமாக. அன்று தண்ணீருக்குள் என்னைத் தவிர வேறு டைவர் கிடையாது. திரும்பிக் கையை வீசித் துழாவினேன். தண்ணீர்தான். ஆனால், இருட்டறையில் இன்னொரு ஆள் இருந்தால் நமக்குத் தெரியுமே, அப்படித் தெரிந்தது. பேச்சில்லை, அசைவில்லை. காத்துக்கொண்டு நிற்கிற மாதிரி. இதை எழுதும்போதும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

“ஏசப்பா, எனக்கு வழி தெரியல” என்றேன். செம்புத் தொப்பிக்குள் என் குரலே வேறு யாருடையதோ போலக் கேட்டது. என் வாழ்நாளில் அதுவரை நான் சொல்லியிராத வார்த்தை அது. கத்தியை நழுவவிட்டேன். கயிற்றை நான்கு முறை இழுத்தேன். உடனே அது விறைத்தது. புத்தி ‘வேண்டாம், வேண்டாம்’ என்று கத்த, கயிறு போன பக்கமே தவழ்ந்தேன். பத்தடிகூடப் போயிருக்க மாட்டேன். தற்செயலாக உயர்த்திய கை மரப்பலகையில் இடித்தது. தலைக்கு மேலே முழுக்கப் பலகை! இத்தனை நேரமும் நான் நின்றது படகின் வயிற்றுக்குள்தான்; காலடியில் இருந்தது புயலில் உள்ளே புகுந்த சேறு. கயிற்றை அறுத்து மிதந்திருந்தால் அந்தப் பலகையில் போய் ஒட்டிக்கொண்டு, அங்கேயே செத்திருப்பேன்.

மேலே ஏற்றித் தொப்பியைக் கழற்றினார்கள். மச்சானின் நெற்றி புடைத்து ரத்தம் கசிந்தது.

“இன்னா மச்சான் இது?”

“நீ பதிலு குடுக்கல. கயிறு வாச ஓரத்துல மடங்கிக்கினு கீதுன்னு கைக்குத் தெரிஞ்சிச்சி. பலமா இஸ்தா காத்துக் கொழாயும் பூடும். என்னால ஒண்ணியும் முடியல மாப்ள. இந்தப் படகுப் பலகையில தலைய முட்டிக்கினு அவரு கைலயே உன்னக் குடுத்துட்டேன்.”

சக்கரம் சுற்றியவரில் ஒருவர், “மூணு தபா முட்டிக்கினாரு நைனா. பாக்கவே பேஜாராப் பூடுச்சி” என்றார்.

தண்ணீருக்குள் சத்தம் நன்றாகப் பரவும் என்பது டைவரான எனக்குத் தெரியாததில்லை. ஆனால் அந்தத் தட்டலில் என் தொப்பி அதிர்ந்து பல்வரைக்கும் கூசியது. அது எப்படி என்று யாரோடும் நான் வாதாடியதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மச்சான் பக்கத்தில் முழங்காலிட்டு, “இனிமே என் இஷ்டம் இல்ல, உம்ம இஷ்டம்” என்று வெட்கத்தை விட்டு அழுதேன். அதன்பிறகும் பல வருஷம் கடலில் இறங்கினேன். வாழ்க்கையில் எத்தனையோ கஷ்டம் வந்தது. ஜெபித்து ஜெபித்து, மேலேயிருந்து பதிலே வரவில்லையே என்று மனம் சலிக்கும்போதெல்லாம், அன்றைக்குப் பதில் சொல்லாமல் இருந்தவன் கீழே நின்ற நான்தானே என்று நினைத்துக்கொள்கிறேன்.