சீட்டு எடுக்காத புத்தகம்

ஆவணி மாதத்தில் கச்சான் என்னும் வறண்ட காற்று பலமாக அடிக்கத் தொடங்கியதும் என் மச்சாள் முற்றத்தில் பன்பாய்களை விரித்து, வீட்டிலிருந்த அத்தனை புத்தகங்களையும் வெயிலில் பரப்பிவிடுவார். பறந்துவிடாமல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல் வைப்பார். கோழிகள் கிட்ட வராமல் பார்த்துக்கொள்வது என் வேலை. மாரியில் இறங்கிய ஈரம், கரப்பான் முட்டை, பூஞ்சண வாசம் எல்லாம் அந்த ஒரு வாரத்தில் போய்விட வேண்டும். வெயிலில் சூடேறிய பழைய தாளிலிருந்து வறுத்த அரிசி போல ஒரு மணம் எழும்பும். மச்சாள் ஒரு புத்தகத்தை எடுத்து நடுவில் விரித்து, முகத்தை அதற்குள் புதைத்து மூச்சிழுப்பார். யாராவது பார்த்துவிட்டால் வெட்கப்பட்டுச் சிரிப்பார்.

அவர் என் அண்ணனின் மனைவி. கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் அண்ணன் வயல் செய்தார், மச்சாள் உடுப்புத் தைத்தார். நான் வாவியின் இந்தப் பக்கம், தேற்றாத்தீவில் தங்கி ஒரு பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கரையில் இராணுவம், அவர்கள் கரையில் இயக்கம். பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறி வாவியைக் கடக்க அரைமணி நேரம்கூட ஆகாது. ஆனால் சோதனைச்சாவடியில் வரிசையில் நின்று, பையைக் கொட்டிக் காட்டி, அடையாள அட்டையை நீட்டி, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி அக்கரை போய்ச் சேர்வதற்குள் பாதி நாள் போய்விடும். அப்படியிருந்தும் ஒவ்வோர் ஆகஸ்ட் விடுமுறைக்கும் போனேன். அந்த மூன்று வாரம்தான் எனக்கு அந்த வருடத்தின் நல்ல காலம்.

சிறுபோக நெல் வெட்டி முடிந்திருக்கும். அண்ணன் வயல் வட்டையிலிருந்து வர மாலையாகும். காலையில் மச்சாள் கோதுமை மாவில் பசை காய்ச்சுவார், பூச்சி வராமலிருக்க வேப்பிலைச் சாறும் கலப்பார். கழன்ற தாள்களை அடுக்கி, மெழுகு பூசிய நூலால் முதுகு தைத்து, தையலில் மிஞ்சிய துணித்துண்டுகளால் அட்டைக்குச் சட்டை போடுவார். பாவாடைத் துணியில் ஒரு நாவல், சேட்டுத் துணியில் ஒரு கட்டுரைத் தொகுப்பு. பாய் இழைத்தவர்கள் வெட்டி எறிந்த பன்புல் நுனிகளைச் சாயத்தில் தோய்த்துப் பின்னி, பக்க அடையாளத்துக்கு நாடா செய்வார். மாரியில் பசை காயாது; கோடை முடியும் இந்த நாட்களில்தான் காலையில் ஒட்டியது மத்தியானத்துக்குள் இறுகிப்போகும். பிறகு முந்திரிகை மரத்தின் கீழே பாயைப் போட்டு, ஆளுக்கொரு புத்தகத்தோடு சாய்ந்துவிடுவோம். நடுவில் சீனி தூவிய வெள்ளரிப்பழம் ஒரு கோப்பையில் இருக்கும். பக்கம் புரட்டுமுன் விரலைத் துடைக்கவேண்டும் என்பது மட்டும்தான் அவருடைய சட்டம். எங்கேயோ தூரத்தில் ஷெல் விழுந்தால் இருவரும் தலையை நிமிர்த்துவோம். இன்னொன்று விழுகிறதா என்று காத்திருப்போம். விழாவிட்டால் விட்ட வரியைத் தேடிப் பிடிப்போம்.

மச்சாள் அந்தப் புத்தகங்களை ஊருக்கும் கொடுத்தார். பின்னட்டையின் உட்புறத்தில் துணியால் ஒரு சிறு பை தைத்து, அதற்குள் ஒரு சீட்டு வைத்திருப்பார். யார் கொண்டுபோகிறார்களோ அவர்களின் பெயரை அதில் எழுதுவார். வாசிக்க வந்தவர்களில் ஒருவர் சைக்கிள் திருத்துபவர். முப்பது முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகள். கிறீஸ் படாமலிருக்கப் புத்தகத்தைப் பொலித்தீன் உறைக்குள் வைத்து, உறைக்கு மேலாலேயே வாசிப்பாராம். அவருடைய மனைவிக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் புத்தகத்தை மாற்ற மனைவிதான் வருவார். அட்டைத் துணியைத் தடவிப் பார்த்து, இது யாருடைய சட்டை என்று கேட்டு, மச்சாளோடு நெடுநேரம் கதைத்துவிட்டுப் போவார்.

ஒரு வருடம் நான் போயிருந்தபோது ஊர் கலங்கிக் கிடந்தது. இராணுவம் வந்து பக்கத்துக் கிராமமொன்றைச் சுற்றி வளைத்து, ஒரு வீட்டில் அகப்பட்ட, செத்த வீட்டுச் செலவுக்குக் காசு சேர்க்கும் மரணாதாரச் சங்கத்தின் கொப்பியில் இருந்த பெயர்களை வாசித்து ஆட்களைப் பிடித்துப்போனார்கள் என்று கேள்விப்பட்டோம். எந்தப் பட்டியலும் ஆபத்து என்றாகிவிட்டது. மச்சாள் அன்று மத்தியானமே சவர அலகு இரண்டைக் கொண்டுவந்து வைத்தார். இரண்டு நாள் இருந்து ஒவ்வொரு புத்தகமாக எடுத்து, சீட்டை உருவி, பையின் தையலையும் பிரித்தோம். அவர் அழவில்லை. பிரித்த நூலையெல்லாம் வீணாக்காமல் ஒரு கட்டையில் சுற்றிக்கொண்டே இருந்தார். சீட்டுகளை அடுப்பில் போட்டார்.

ஒரு புத்தகம் மட்டும் என் மடியில் இருந்தது. கதை நெருக்கமான இடத்துக்கு வந்திருந்தது, கீழே வைக்க மனமில்லை. பிறகு எடுக்கலாம் என்று இருந்தேன். அந்தப் புத்தகத்தின் பைதான் மற்ற எல்லாவற்றையும்விட அழகு, மஞ்சள் நூலில் பூவேலை செய்தது. அதைப் பிரிக்கவும் கை வரவில்லை. மச்சாள் உள்ளேயிருந்து கேட்டார்.

“உன்ட கையில இரிக்கிறதுல எடுத்திட்டியா கா?”

“ஓம், எடுத்திட்டன்” என்றேன், தலையைத் தூக்காமலே.

அவர் அதை நம்பினார். விடுமுறை முடிந்து கிளம்பும்போது, மிச்சத்தை அங்கே போய் வாசி என்று அந்தப் புத்தகத்தைத் தானே என் பையில் வைத்துவிட்டார். நானும் அதை மறந்துபோனேன்.

பாதையால் இறங்கிச் சோதனைச்சாவடியில் பையைக் கொட்டினேன். ஒரு சிப்பாய் புத்தகத்தை முதுகில் பிடித்து உதறினான். சீட்டு மேசையில் விழுந்தது. ஏழு பெயர்கள். தமிழ் தெரிந்த ஒருவரை அழைத்து வாசிக்கச் சொன்னார்கள். இவர்கள் யார் என்று கேட்டார்கள். இரவல் வாங்கி வாசித்தவர்கள் என்றேன். புத்தகம் வாசிக்கிறவர்களுடைய பெயரை ஏன் ஒளித்துவைக்க வேண்டும் என்று அந்த மொழிபெயர்ப்பாளர் கேட்டார். ஏழு பெயர்களையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு, சீட்டையும் புத்தகத்தையும் என்னிடமே தந்து போகச் சொன்னார்கள். எல்லாம் கால்மணி நேரத்துக்குள் முடிந்தது. நான் பஸ்ஸில் ஏறினேன்.

அன்றே திரும்பிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. மறுபடி அந்த மேசைக்கு முன்னால் நிற்கப் பயம். பொய் சொன்னது மச்சாளுக்குத் தெரிந்துவிடுமே என்ற பயமும் இருந்தது. பெயர்களை எழுதியதோடு விட்டிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான்காம் நாள்தான், அக்கரைக்கு மீன் கொண்டுபோகும் ஒருவரிடம், மச்சாளின் கையில் மட்டும் கொடுக்கச் சொல்லி, நடந்ததை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். அதற்கு முந்திய நாள் காலையில் சைக்கிள்காரர் டயர் டியூப் வாங்கவென்று வாவியைக் கடந்திருந்தார். சாவடியில் அட்டையைப் பார்த்தார்கள், கொப்பியைப் பார்த்தார்கள், அவரை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். பிடித்து ஏற்றிக்கொண்டு போகும்போதும், வாங்கவந்த சாமானுக்கான வெறும் சாக்கு அவர் கையிலேயே இருந்ததாம்.

அடுத்த சனிக்கிழமை போனேன். மச்சாள் தையல் மெஷினில் இருந்தார். என்னைக் கண்டதும் கால் நின்றது.

“சாப்பிட்டியா?” என்று கேட்டார். நான் அழத் தொடங்கினேன். அழுது முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தச் சீட்டப் பத்தி இனி ஒருத்தரிட்டயும் வாய் திறக்காத. நான் பாத்துக்கிறன்” என்றார்.

எதைப் பார்த்துக்கொள்கிறார் என்று நான் கேட்கவில்லை. மற்ற ஆறு வீடுகளுக்கும் போய் எச்சரித்ததைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அந்த ஆறு பேரும் ஒரு வருடத்துக்கு மேலாக வாவியைக் கடக்கவில்லை.

அதற்குப் பிறகும் நான் ஆவணிதோறும் போனேன். புத்தகங்கள் வெயிலில் காய்ந்தன, பசை காய்ச்சினோம், முந்திரிகையின் கீழே பாய் போட்டோம். இரவல் கொடுப்பதையும் மச்சாள் நிறுத்தவில்லை. இன்னார் கொண்டுபோனார் என்று மனத்தில் வைத்துக்கொள்வார். ஆனால் சைக்கிள்காரரின் மனைவி அந்தப் பக்கம் வருவதே இல்லை. வழியில் மச்சாளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். என்னைக் கண்டால் நின்று, எப்போது வந்தீர்கள் டீச்சர், பாடசாலை எப்படி என்று விசாரிப்பார். ஒருமுறை எனக்கு வெள்ளரிப்பழம்கூடக் கொண்டுவந்து தந்தார், வேலிக்கு வெளியே நின்று. எனக்கு அது விளங்காமல் இருந்திருக்க முடியாது. விளங்கிக்கொள்ள விரும்பவில்லை என்று சொல்வதுதான் சரி. மச்சாள் தந்த புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நான் வாசித்துக்கொண்டிருந்தேன்.

சைக்கிள்காரரை ஏறக்குறைய இரண்டு வருடம் தடுத்து வைத்திருந்துவிட்டு விட்டார்கள். வந்தவர் கடையைத் திறக்கவில்லை. வயல் கூலிக்குப் போனார். புத்தகம் கேட்டு ஒருநாளும் வரவில்லை. பிறகு எங்கள் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஒரே அரசாட்சி என்றானது, ஊர் இடம்பெயர்ந்து அகதிமுகாமில் கிடந்து திரும்பியது, சாவடி எடுபட்டது, பாதை ஓடிய இடத்தில் பாலம் வந்தது. மச்சாளுக்கு வயிற்றில் கட்டி வந்தது. மூன்று மாதத்தில் போய்விட்டார்.

செத்த வீட்டுக்குச் சைக்கிள்காரர் வந்தார். பந்தலுக்கு மரம் நட்டார், பாடை தூக்கினார். அவருடைய மனைவி வேலிக் கடப்படிக்கு வெளியே நின்றுவிட்டுப் போய்விட்டார். அண்ணனை நான் தேற்றாத்தீவுக்கு அழைத்து வந்துவிட்டேன். ஒரு மாதம் கழித்து வீட்டுச் சாமான்களை ஒதுக்குவதற்காகத் தனியே போனேன். புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது சைக்கிள்காரர் வாசலில் வந்து நின்றார். உதவி வேண்டுமா என்று கேட்டார். இருவருமாக அடுக்கினோம். கொஞ்ச நேரம் கழித்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“அக்கா நல்ல மனுசி டீச்சர். ஒரு நாள் மறதிதானே. ‘சீட்ட எடுக்காமக் குடுத்துவிட்டது நான்தான், என்னில பிழை’ எண்டு அவவே வீட்ட வந்து சொன்னவ. என்ட மனுசிட கையப் பிடிச்சு அழுதவவாம். மனுசி கைய உதறிட்டா. நான் வந்த பிறகும் எத்தினையோ தரம் சொல்லிப் பாத்தன். அவ மனம் இளகல்ல.”

என் கையில் புத்தகம் இருந்ததா, கீழே வைத்திருந்தேனா என்பது நினைவில்லை. அவருக்கு நான் சொல்லத் தொடங்கினேன். சீட்டை எடுத்துவிட்டதாகப் பொய் சொன்னது நான் என்றும், மூன்று நாள் வாய் திறக்காமல் இருந்ததும் நான் என்றும் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவர் இடது காதைத் தொட்டுக் காட்டினார்.

“இந்தப் பக்கம் கேக்காது டீச்சர். அங்க அடிச்சதில போனது. இஞ்சால வந்து சொல்லுங்க.”

நான் எழுந்து மற்றப் பக்கம் போய், அத்தனையையும் முதலிலிருந்து, சத்தமாக, மறுபடி சொன்னேன்.

கோபப்பட்டு ஏதாவது சொல்வார் என்று நின்றேன். அவர் எழுந்து உடுத்திருந்த சாரத்தைத் தட்டிக்கொண்டார்.

“எனக்குச் சொன்னது காணாது. மனுசிட்டச் சொல்லுங்க” என்றார்.

அவர் முன்னே நடக்க நான் பின்னே போனேன். அவருடைய மனைவி முற்றத்தில் நெல் காயப்போட்டுக் கொண்டிருந்தார். என்னைக் கண்டு சிரித்தார், இருக்கச் சொன்னார். நான் நின்றபடியே சொன்னேன். முடிந்ததும் அவர் கையில் ஒட்டியிருந்த நெல்லை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டார்.

“அவ செத்துக் கிடக்கக்குள்ளயும் நான் உள்ளுக்குப் போகல்ல” என்றார். அது எனக்குச் சொன்னதல்ல.

பிறகு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினார். வெயிலில் விறுவிறுவென்று நடந்து மச்சாளின் வீட்டுக் கடப்படியைத் தாண்டி உள்ளே போனார். நான் ஓடி வந்து சேர்ந்தபோது அவர் தையல் மெஷினுக்குப் பக்கத்தில், வெறும் நிலத்தில், பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். ஒரு புத்தகத்தை எடுத்து அட்டைத் துணியைத் தடவிக்கொண்டிருந்தார். உள்ளே போக எனக்குத் துணிவு வரவில்லை. அவர் அழுது முடியும்வரை முற்றத்திலேயே நின்றேன்.