நாலு மில்லிமீற்றர்

எனக்குப் பதினொரு வயதான வருடம் முழுக்க அப்பாவும் மாமாவும் கதைக்காமல் இருந்தார்கள். மாமா என்றால் அம்மாவின் தம்பி. பலெர்மோ நகருக்கு வந்த நாளிலிருந்து சீசா என்ற பகுதியில் எங்கள் வீட்டில்தான் இருந்தார். இரவில் சாப்பாட்டு மேசையை மடக்கிச் சுவரோடு சாய்த்துவிட்டு அந்த இடத்தில் படுக்கையை விரிப்பார். பிறகு அவருடைய பெர்மெஸ்ஸோவை, நாட்டில் தங்குவதற்கான அனுமதியை, புதுப்பிக்க வேண்டி வந்தது. அவர் எங்கள் வீட்டில் வசிக்கிறார் என்று அப்பா ஒரு தாளில் கையெழுத்து வைக்க வேண்டும். வீட்டுச் சொந்தக்காரர் முடியாது என்று சொல்லிவிட்டார். அவரை மீறிக் கையெழுத்து வைக்க அப்பாவுக்குப் பயம். அன்று வீட்டுக்கு வந்திருந்தவர்களுக்கு முன்னால் மாமா சொன்னார்: "நீங்களே அக்கான்ரை பேப்பரிலை வந்தனீங்கள்தானே, அத்தான்."

அது உண்மைதான். அம்மா முதலில் தனியாக வந்து லிபெர்த்தா தெருவில் சின்யோரா என்று கூப்பிடும் ஒரு வயதான பெண்ணின் வீட்டில் வேலைக்குச் சேர்ந்து, இரண்டு வருடங்களுக்குப் பிறகுதான் அப்பாவைக் கூப்பிட்டார். பொய்யாக இருந்திருந்தால் அப்பா ஒரு மாதத்தில் மறந்திருப்பார். மாமா அடுத்த நாளே பையைத் தூக்கிக்கொண்டு போய், தான் வேலை செய்த மோட்டர்சைக்கிள் கராஜுக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்தார். எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு. வழியில் கண்டால் அப்பா தெருவைக் கடந்து மற்றப் பக்கம் போவார். அதே எண்ணத்தோடு மாமாவும் கடப்பார். இரண்டு பேரும் மறுபடி நேருக்கு நேர் வந்து, நிலத்தைப் பார்த்தபடி விலகிப் போவார்கள்.

இந்த நேரத்தில்தான் பக்கி வந்தது. அம்மா பார்த்துக்கொண்ட சின்யோராவின் மகன் சின்ன வயதில் வைத்திருந்தது. நிலக்கீழ் அறையைத் துப்புரவாக்கும்போது அகப்பட்டதை அம்மா தோடம்பழப் பெட்டியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தார். ரிமோட்டில் ஓடும் கார்தான். ஆனால் கல்லிலும் மண்ணிலும் துள்ளி ஓடுவதற்கென்றே செய்தது. கூரை இல்லை, பின்சில்லுகள் முன்சில்லுகளைவிடப் பெரியவை, சில்லைச் சுற்றி முள்ளு முள்ளாக ரப்பர். பின்பக்கத்து ஷொக் அப்சோபர்களில் எண்ணெய் ஒழுகிப்போய் வால் நிலத்தில் இடித்தது. உள்ளே பிளாஸ்ரிக் கியர்களின் பல்லெல்லாம் தேய்ந்திருந்தன. ரிமோட்டை அழுத்தினால் மோட்டர் அலறும், சில்லு அசையாது.

எங்கள் வகுப்பில் சல்வோ என்ற பையனிடம் புதுப் பக்கி ஒன்று இருந்தது. ஞாயிறு காலைகளில் அவனும் வேறு ஐந்தாறு பையன்களும் பழைய தொழிற்சாலைச் சுவருக்குப் பின்னால் இருந்த மண்தரையில் ஓட்டுவார்கள். மூன்று கிழமையில் போட்டி வைக்கப்போவதாகச் சொன்னார்கள். நானும் வரட்டுமா என்று கேட்டேன். சல்வோ என் பக்கியின் வாலைக் காலால் மெல்லத் தட்டி, முதலில் இது நடக்கட்டும், பிறகு ஓடுவதைப் பற்றிக் கதைக்கலாம் என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு காதில் கேட்டபடி நான் வீட்டுக்கு வந்து அழுதேன்.

அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "பின்பக்கத்தைக் கழட்டி மாமாட்டைக் குடு. கியர்ப்பெட்டியை அப்பாட்டைக் குடு," என்றார்.

"ரெண்டையும் ஒராள் செய்தா என்னம்மா?"

"அவைக்குத் தெரிஞ்சதை அவை செய்யட்டும்."

நியாயமாகத்தான் பட்டது. மாமா நாள் முழுக்க மோட்டர்சைக்கிள்களின் ஷொக் அப்சோபர்களோடு கிடப்பவர். அப்பா லிபெர்த்தாவில் ஒரு மாடிக் கட்டடத்தில் காவல் வேலை பார்த்தாலும், ஊரில் தையல் மெஷின் திருத்தியவர். சின்னப் பல்லுள்ள எதையும் அவர் கையில் கொடுக்கலாம்.

பள்ளிக்கூடம் விட்டதும் கராஜுக்கு ஓடுவேன். யாரோ கைவிட்ட இன்னொரு பக்கியிலிருந்து மாமா நீளமான கைகளைக் கழற்றி வைத்திருந்தார். சில்லைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் பாகத்தைத்தான் அவர் கை என்பார். அவற்றில் உயரமான ஷொக் அப்சோபர்களைப் பூட்டி, மோட்டர்சைக்கிளின் முன்பக்கத்துக்கு விடும் எண்ணெயை ஊசியால் துளித்துளியாக ஏற்றினார். பிறகு என் விரலைப் பிடித்து அழுத்த வைத்தார். முன்பு தொப்பென்று விழுந்து கிடந்தது, இப்போது அழுத்திய விரலை மெதுவாக மேலே தூக்கிக் கொண்டுவந்தது, துள்ளவில்லை, நடுங்கவில்லை.

"பாத்தியே? எந்த மேட்டிலை பாஞ்சாலும் இனி இடியாது."

வீட்டில் அப்பா சாப்பாட்டு மேசையில் பேப்பரை விரித்து, கியர்களைப் பல் தேய்க்கும் பிரஷால் கழுவினார். பிளாஸ்ரிக் கியர்களை எறிந்துவிட்டு இரும்பில் போட்டார். பெரிய மோட்டர் ஒன்று வந்தது. கியர்ப்பெட்டியிலிருந்து சில்லுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் இரண்டு சின்னத் தண்டுகளையும் இரும்பில் மாற்றினார். இரண்டு கியர்கள் சரியாகக் கடிக்கின்றனவா என்று பார்க்க, இடையில் கடதாசித் துண்டொன்றைச் செருகிச் சுற்றுவார். அது கிழிந்து வந்தால் தலையை ஆட்டி, மறுபடி ஆணியைத் தளர்த்துவார். கிழியாமல் மடிப்பு மடிப்பாக வரும் வரைக்கும் அப்படித்தான்.

இரண்டு இடத்துக்கும் நடுவில் நான். கேள்விகளும் பதில்களும் என் வாயால்தான் போய் வந்தன, ஆனால் போன மாதிரியே வரவில்லை. "உன்ரை மாமனுக்கு மோட்டர்சைக்கிள் தெரியும், இது தெரியுமோ?" என்று அப்பா சொன்னால், நான் மாமாவிடம், "எப்பிடிச் செய்யிறியள் எண்டு அப்பா ஆசையாக் கேட்டவர்," என்பேன். "கொப்பருக்கு மெல்லமாத்தான் எல்லாம். கியர் பூட்ட ஒரு மாசமே?" என்று மாமா சொன்னால், "ஆறுதலாச் செய்யட்டாம் அப்பா, அவசரமில்லையாம்," என்று அப்பாவிடம் சொல்வேன். பெர்மெஸ்ஸோ கொடுக்கும் பொலிஸ் அலுவலகமான கெஸ்தூராவில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, அதிகாரி சொல்வதை அப்பாவுக்கும் அப்பா சொல்வதை அதிகாரிக்கும் மொழிபெயர்த்துப் பழகியவள் நான். தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்தது அதுதான் முதல் தடவை.

போட்டிக்கு முந்திய வெள்ளிக்கிழமை மாமா வேலையை முடித்துப் பின்பக்கத்தைத் துணியில் சுற்றித் தந்தார். "இந்தக் கை பழசைவிட நாலு மில்லிமீற்றர் நீளம். தண்டையும் நாலு நீட்டோணும். கொப்பருக்குச் சொல்லு. விளங்காட்டில் என்னட்டை வந்து கேக்கச் சொல்லு. பெரிய எஞ்சினியர்."

வழி நெடுகிலும் அந்தக் கடைசிச் சொல்லை என்ன செய்வது என்றுதான் யோசித்துக்கொண்டு போனேன். வீட்டுக்கு வந்தபோது அருமையான வசனம் ஒன்று தயாராகியிருந்தது: "உங்கடை கியரைப் போல ஒருத்தரும் செய்யேலாதாம், மாமா சொன்னவர்." அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போட்டுக்கொண்டார். நாலு மில்லிமீற்றர் என் தலையிலிருந்து அடியோடு போய்விட்டது.

சனிக்கிழமை அப்பா எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டினார். தண்டின் இரண்டு நுனியும் கிண்ணம் போன்ற குழிகளில் சும்மா செருகி நிற்கும், ஆணி கிடையாது. அப்பா அதை விரலால் ஆட்டிப் பார்த்தார்.

"கொஞ்சம் இளக்கமாக் கிடக்கு. மாமன் ஏதும் சொன்னவனோ?"

"நல்லாயிருக்கெண்டுதான் சொன்னவர்."

மேசையில் வைத்து ஓட்டியபோது சில்லுகள் சத்தமே இல்லாமல் சுழன்றன.

ஞாயிறு காலை அப்பா என்னோடு மண்தரைக்கு வந்தார். மாமாவும் வந்திருந்தார், எதிர்ப்பக்கத்தில் தன் மோட்டர்சைக்கிளில் சாய்ந்து நின்றார். அப்பா வேலைக்குப் போகிறார் என்று மாமாவிடமும், மாமா வரமாட்டார் என்று அப்பாவிடமும் சொல்லி வைத்திருந்தேன். இரண்டு பேருக்கும் என்னைத் தெரிந்திருக்க வேண்டும். ஒருவரும் திரும்பிப் போகவில்லை.

பழைய டயர்களைச் சுற்றி மூன்று சுற்று. நடுவில் மண் குவித்து ஒரு மேடு. ஆறு பக்கிகள் புறப்பட்டன. முதல் வளைவிலேயே இரண்டை முந்தினேன். என் பக்கி வாலை உயர்த்திக்கொண்டு மண்ணைப் பின்னால் வாரி எறிந்து ஓடியது. சல்வோ என் பக்கம் திரும்பிப் பார்த்ததை ஓரக்கண்ணால் கண்டேன். மேட்டில் ஏறி அந்தரத்தில் பாய்ந்தது. இறங்கியபோது இடிக்கவில்லை, மாமா சொன்ன மாதிரியே. ஆனால் மோட்டர் அலறியது, பக்கி நின்ற இடத்தில் நின்றது. தண்டுகளில் ஒன்று கழன்று மண்ணில் கிடந்தது.

நான் ஓடிப்போய்க் குந்தினேன். ஒரு பக்கத்தால் அப்பா வந்தார், மற்றப் பக்கத்தால் மாமா. இருவரும் என்னைத்தான் பார்த்துக் கதைத்தார்கள்.

"சில்லு கீழை தொங்கேக்கை தண்டு எட்டேல்லை. நாலு நீட்டச் சொல்லிவிட்டனான்தானே?"

"ஆர் சொன்னது? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

"வெள்ளிக்கிழமை இவளிட்டைச் சொல்லிவிட்டனான்."

"என்ரை கியரைப் போல ஒருத்தரும் செய்யேலாது எண்டுதான் இவள் வந்து சொன்னவள்."

"நானோ? நான் எப்ப அப்பிடிச் சொன்னனான்?"

இருவரும் அப்போது, மூன்று கிழமையாகக் கேட்ட நல்ல வார்த்தைகளை ஒவ்வொன்றாக மனதில் திருப்பிப் பார்த்திருப்பார்கள் போல. எனக்கு அழுகை வந்தது. மறந்துபோனேன் என்றேன். மறக்கவில்லை, அதற்குப் பின்னால் வந்ததைச் சொல்லப் பயந்தேன் என்றேன்.

அப்பா தண்டை எடுத்துச் சட்டையில் துடைத்தார். பக்கியைக் குப்புறப் போட்டார். ஒரு கையால் சில்லை இழுத்து மறு கையால் தண்டைச் செருகப் பார்த்தார். மூன்றாவது கை தேவைப்பட்டது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினேன். அவர் என் கையைப் பார்க்கவில்லை.

"பிடி," என்றார்.

மாமா முழங்காலை மண்ணில் ஊன்றிச் சில்லைப் பிடித்தார். பிறகு தன் சட்டைப்பையில் தேடி, பெற்றோல் குழாயில் வெட்டிய ஒரு ரப்பர்த் துண்டை எடுத்து, "இதை உள்ளுக்கை வைச்சா இடைவெளி அடைபடும், அத்தான்," என்றார். அப்பா பேனாக்கத்தியால் அதை நான்காக நறுக்கி, இரண்டு தண்டுகளின் நுனிகளிலும் ஒவ்வொன்றாக வைத்துச் செருகினார். மாமா சில்லைத் தொங்க விட்டுப் பார்த்தார். கழலவில்லை.

அதற்குள் போட்டி முடிந்துவிட்டது. சல்வோதான் வென்றான். மிச்சச் சுற்றுகளை நான் தனியாக ஓடினேன். பையன்கள் போகாமல் நின்று பார்த்தார்கள். ஒவ்வொரு முறை மேட்டில் பாய்ந்தபோதும் அப்பாவும் மாமாவும் ஒன்றாகக் குனிந்து பின்சில்லையே பார்த்தார்கள். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. முடிந்ததும் மாமா மோட்டர்சைக்கிளை உதைத்து, "வாறன்," என்றார். அப்பா "ம்" என்றார். அவ்வளவுதான். மாமா எங்களோடு வீட்டுக்குச் சாப்பிட வருவார் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. பக்கியைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது, கடைசியாக வந்ததோடு அவர்கள் இரண்டு பேரும் சேருவதும் சரிவரவில்லை என்றுதான் நினைத்தேன்.

அம்மா ஞாயிறுகளிலும் சின்யோராவைப் பார்த்துக்கொள்ளப் போக வேண்டும். நாலு மணிக்குப் பஸ்ஸில் வந்தார். செருப்பைக் கழற்ற முன்னமே, "மாமா வந்தவனோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"அப்பா என்ன சொன்னவர்?"

"பிடி எண்டவர்."

"ஆருக்கு?"

"மாமாக்கு."

"அவன்?"

"பிடிச்சவர்."

அம்மா குசினிக்குப் போய்க் குழாயைத் திறந்தார். கழுவ அங்கே பாத்திரம் ஒன்றும் இருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, மாமா அத்தான் என்று கூப்பிட்டவரோ என்றார். ஓம் என்றேன். எந்த இடத்தில் கூப்பிட்டவர், அப்பா பிடி என்றதற்கு முன்னமோ பின்னமோ என்றார். போகும்போது என்ன சொன்னவர், அப்பா அதற்கு என்ன சொன்னவர், 'ம்' என்றது கோபமான 'ம்'மா, சும்மா 'ம்'மா என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. பக்கி எவ்வளவு உயரம் பாய்ந்தது என்று கேட்கவில்லை. நான் இரண்டு பேரை முந்தியதைக் கேட்கவில்லை.

"அம்மா, நான் கடைசியா வந்தனான். அதைக் கேக்க மாட்டியளே?"

"ஓம் பிள்ளை, ஓம்," என்று அம்மா ஈரக்கையால் முகத்தைத் துடைத்தார். கதிரையை இழுத்து எனக்கு முன்னால் உட்கார்ந்தார். "சரி, முதல்லையிருந்து சொல்லு. ஒண்டும் விடாமச் சொல்லு."

அம்மாவுக்கு இப்போதுதான் போட்டியில் அக்கறை வந்திருக்கிறது என்று நினைத்தேன். யார் முதலாவது, யார் இரண்டாவது, யாருடைய பக்கி எந்த வளைவில் பிரண்டது என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். அம்மா குறுக்கே ஒரு கேள்வியும் கேட்காமல் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.