குப்பையில் கொட்டிய வடகம்

பெரம்பலூரில் சின்ன வெங்காயம் விலை இறங்கும் நாட்களில் எங்கள் மொட்டைமாடி முழுக்க வடகம் காயும். கீழப்பழுவூர்ப் பக்கத்துப் பெண்ணான என் மனைவி, நறுக்கிய வெங்காயத்தோடு உளுந்து, கடுகு, வெந்தயம் சேர்த்துப் பிசைந்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டுவாள். பகலில் காய்ந்ததை மாலையில் மறுபடி பிசைவாள். கல்லூரி விட்டு ஸ்கூட்டரில் தெருமுனை திரும்பும்போதே மணம் வந்துவிடும். நேராக மாடியேறி ஓர் உருண்டையைக் கிள்ளுவேன்.

"ஏங்க, காக்காய வெரட்டச் சொன்னா நீங்களே காக்காயா வந்து நிக்கிறீங்களே!"

நான் உயிர்வேதியியல் கற்பித்தவன். நான் ஓய்வுபெற்ற பிறகு அவளுக்கு மறதி தொடங்கியது. அல்சைமர் என்றார் திருச்சி டாக்டர். எத்தனையோ முறை நான் கரும்பலகையில் வரைந்த பாடம். புரதம் சரியாக மடிந்திருந்தால்தான் வேலை செய்யும். செல்லால் சமாளிக்க முடியாத அளவுக்குத் துடுக்கான ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகினால் அவை புரதத்தைத் தாக்கும். அடிபட்ட புரதம் தப்பாக மடியும். உள்ளே மறைந்திருந்த ஒட்டும் பகுதி வெளியே வரும். ஒன்றோடொன்று ஒட்டி, இழைகளாகத் திரண்டு, அமிலாய்டு என்னும் படிவாகும். அந்தப் படிவு அதே ஆக்சிஜன் மூலக்கூறுகளை மேலும் கிளப்பிவிடும். 'இது ஒரு காரணம்தான், இதுவே எல்லாம் அல்ல' என்று மாணவர்களிடம் சொல்லித்தான் பாடத்தை முடிப்பேன்.

வீட்டில் அதை மறந்தேன். ஒருநாள் வடகப் பானையைத் திறந்தபோது காறல் வாடை அடித்தது. எண்ணெய் ஆக்சிஜனேற்றம் அடைந்திருந்தது. இதுதான் அவள் மூளையை அரிக்கிறது என்று முடிவுகட்டினேன். பானையிலிருந்து நரம்புச் செல்லுக்கு இப்படி நேர்க்கோடு போட்டிருந்தால் முதலாண்டு மாணவனைக்கூடத் திட்டியிருப்பேன். அவள் குளிக்கப் போன நேரத்தில் எல்லாவற்றையும் குப்பை வண்டியில் கொட்டினேன்.

மறுநாள் குழம்பு தாளிக்கும்போது அலமாரியைத் துழாவினாள்.

"வடகத்த எங்கங்க வச்சேன்?"

"நீதான் எங்கயாச்சும் வச்சு மறந்திருப்ப."

சண்டைக்குப் பயந்து அப்படிச் சொன்னேன். அதுவரை மறதியைச் சிரித்தே தள்ளியவள் அன்று சிரிக்கவில்லை. பிறகு உப்பு போட்டாளா என்பதைக்கூட என்னிடம் கேட்டாள். கொஞ்ச நாளில் சமையலறைப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள். நோய் எடுத்துக்கொண்டது எவ்வளவு, என் பொய் எடுத்துக்கொண்டது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என் படிப்பு போதாது.

போன மாதம் அவளுக்குத் தலைவாரிவிடும்போது சொல்லிவிட்டேன்.

"அந்த வடகத்த நான்தான் கொட்டுனேன். நீ ஒண்ணும் மறக்கல."

திரும்பிப் பார்த்தாள். என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"நான் தொலைச்சதுக்கு நீங்க ஏங்க பழிய ஏத்துக்கிறீங்க? எனக்குத்தான் இப்பல்லாம் ஒண்ணும் நெனப்புல நிக்க மாட்டேங்குதே."

இல்லை என்று மறுபடி சொன்னேன். எனக்காக அவள் கண் கலங்கவும், நிறுத்திக்கொண்டேன்.