அவள் தூங்கிய வண்டி

பல வருடமாக வாடகைக் கார் ஓட்டுகிறேன். என் வண்டியில் தூங்காதவர்களே கிடையாது. விமான நிலையத்தில் ஏறுகிறவர்கள் கிண்டி தாண்டுவதற்குள் குறட்டை விடுவார்கள். என் மனைவி மட்டும் ஒருநாளும் தூங்கியதில்லை. திண்டிவனத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் முன்சீட்டில் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு வருவாள். முறுக்கு கொடுப்பாள், ஊர்க்கதை பேசுவாள், தலை மட்டும் சாயாது. நான் ஓட்டுவதில் அவளுக்கு நம்பிக்கை இல்லையோ என்று எனக்குள் ஒரு குறை உண்டு.

போன மாதம் தி. நகரில் புடவை எடுத்தோம். அங்கிருந்து போரூரில் இருக்கும் அவள் தங்கை வீட்டுக்குப் புது மெட்ரோவில்தான் போக வேண்டும் என்று அடம்பிடித்தாள். அதனால் கார் சைதாப்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலிலேயே நின்றது.

"டிரைவரே இல்லாம போவுதாம்யா" என்று சொல்லிக்கொண்டே முதல் பெட்டியில் ஏறினாள். டிரைவர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கண்ணாடி. வண்டி வேகமெடுத்ததும் என் வலது கால் தன்னால் பிரேக்கைத் தேடித் தரையை அழுத்தியது. எதிரே இருந்த கல்லூரிப் பெண் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கினாள்.

"இன்னா நைசா போவுது பாரேன்" என்றாள் மனைவி. சுருக்கென்றது. என்னை ஒருநாளாவது அப்படிச் சொல்லியிருப்பாளா? கோடம்பாக்கம் தாண்டி வண்டி சுரங்கத்தை விட்டு வெளிச்சத்துக்கு வந்தபோது திரும்பிப் பார்த்தேன். புடவைப் பையைக் கட்டிக்கொண்டு, வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

எனக்கு வயிறு எரிந்தது. கையும் காலும் இல்லாத ஒன்றை நம்பித் தூங்குகிறாள், தாலி கட்டியவனை நம்ப மாட்டாளாம். ஓட்டுகிறவன் ஒருத்தன் இருந்தாலாவது முறைத்திருப்பேன். பொறாமைப்படக்கூட அங்கே ஆளில்லை.

போரூரில் இறங்கியதும் கேட்டே விட்டேன். "என் வண்டில ஒருநாளாவது இப்படித் தூங்கிகீறியா? என்மேல அவ்ளோ பயமா உனக்கு?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "பயமா? கல்யாணமான புதுசுல நீதானய்யா சொன்ன, முன்சீட்டுல குந்துறவங்க தூங்குனா டிரைவருக்கும் கண்ணு சொக்கும்னு. அதான் முழிச்சிக்கினு வருவேன். இதுல யாருக்கோசரம் முழிச்சிக்கினு இருக்கணும்?"

எல்லா டிரைவரும் சொல்கிற பேச்சுதான் அது. ஏறுகிறவர்கள் எல்லோரிடமும் நானும் சொல்வேன். ஒருத்தரும் காதில் வாங்கியதில்லை.

திரும்பும் வண்டியில் அவள் மறுபடி தூங்கினாள், என் தோளில் சாய்ந்து. தி. நகர் வரும்வரை நான் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு வந்தேன்.