கொலையாளியிடம் நலம் உசாவியது

என் மைத்துனருக்குக் கருமத்தம்பட்டியில் விசைத்தறிக் கொட்டகை. என் இல்லாளுக்கு அவர் ஒரே தம்பி. தொண்ணூறுகளின் நடுவில், துணி வாங்குவோர்க்கு அனுப்பும் விலைப்பட்டியல்களை அச்சிட்டு அனுப்பினால்தான் மதிப்பு என்று எவரோ சொல்லக் கேட்டு ஒரு கணிப்பொறியை வாங்கிவிட்டார். தறியடியில் பறக்கும் பஞ்சுத் தூசி உள்ளே புகுந்தால் பொறி சில திங்களும் தாங்காது என்று விற்றவர் சொன்னதோ பணம் கைமாறிய பிறகுதான். ஆகவே, கொட்டகையின் மூலையில் கண்ணாடி அறையொன்று கட்டி முடியும்வரை அப்பொறி கோவை வடவள்ளியில் எங்கள் வீட்டு முன்னறையில் குடியேறியது.

கல்லூரியில் தமிழ் கற்பித்துவந்த எனக்கு அதன்மேல் ஈடுபாடு ஏதும் தோன்றவில்லை. பள்ளியில் கணக்குக் கற்பித்துவந்த என் இல்லாள் அதைப் பூப்போட்ட துணியொன்றால் போர்த்தி, வந்தவர் எவரும் தொடாதபடி காத்தாள். அத்துணியை விலக்கியவர் என் மைத்துனரே. பொறியோடு விலையின்றிக் கிடைத்த குறுந்தகடு ஒன்றை ஒரு ஞாயிற்றுக்கிழமை உள்ளே செருகிவிட்டு, "அக்கா, சித்த இங்க வாங்க. ஒரு ஊட்ல கொலை உளுந்துபோச்சுங்க. யாரு பண்ணுனாங்கன்னு சொல்லுங்க பாக்கலாம்" என்று அழைத்தார்.

கையில் கரண்டியோடு வந்தவள் கரண்டியோடே அமர்ந்துவிட்டாள்.

விளையாட்டு எளியது. ஆங்கில நாட்டுப்புறத்தில் ஒரு பழைய மாளிகை. அதன் உரிமையாளராகிய செல்வர் தம் நூலகத்தில் இறந்து கிடக்கிறார். விருந்துக்கு வந்து தங்கியிருப்போர் ஐவர். அவருள் ஒருவர் கொலையாளி. நாம் துப்பறிவாளர். அறை அறையாகச் சென்று பொருள்களைப் புரட்டிப் பார்க்கலாம்; விருந்தினரிடம் வினவலாம். எங்கே இருந்தீர், யாரைக் கண்டீர், இறந்தவரை முன்பே அறிவீரா என்னும் மூன்று வினாக்களும், 'பொதுவாகச் சற்று உரையாடுக' என்னும் நான்காவது ஒன்றும் திரையில் எழுத்தாய் நிற்கும். எதைத் தொட்டாலும் மாளிகைக் கடிகாரத்தின் முள் நகரும். பொழுது புலர்ந்ததும் காவலர் வந்துவிடுவர். அதற்குமுன் ஒருவரை, ஒரே ஒருவரை, நாம் சுட்டிக்காட்ட வேண்டும். பிழையானவரைக் காட்டினால், உண்மைக் கொலையாளி நம்மை நோக்கிப் புன்னகைத்து வணங்கிவிட்டுக் குதிரைவண்டியில் ஏறிப் போய்விடுவார். மறுபடியும் தொடங்கினால் கொலையாளி வேறொருவராக மாறியிருப்பார். பழைய துப்புகள் ஒன்றும் உதவா.

திரையின் சிற்றெழுத்து இல்லாளின் கண்ணை உறுத்தியது. எனவே படித்துச் சொல்லும் பணி எனதாயிற்று. ஆங்கிலத்தை அப்படியே ஒப்பிக்க என் நா இசையவில்லை. ஐவரும் என் வாயால் நல்ல தமிழிலேயே பேசினார்கள். "யான் அவ்வமயம் பலகணி அருகே நின்றிருந்தேன்" என்று அந்தப் படைத்தலைவர் சொன்னபோது மைத்துனர் சுட்டியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "மச்சான், வெள்ளைக்காரன் இதைக் கேட்டான்னா நாந்தான் கொன்னேன்னு அவனே ஒத்துக்குவானுங்க."

என் இல்லாள் செய்த திருத்தம் அதனினும் பெரிது. ஐவருக்கும் அவள் முறை வைத்துவிட்டாள். மீசை முறுக்கிய படைத்தலைவர் பட்டாளத்து மாமா ஆனார். முத்துமாலை அணிந்து கிளி வளர்த்த மூதாட்டி அத்தை. இளைய மருத்துவர் டாக்டர் தம்பி. ஓவியம் பயிலும் பெண் படம் போடற அம்மணி. ஒல்லியான வழக்கறிஞர் மட்டும் வக்கீலய்யா என்ற அளவோடு நின்றார். அவர் முகத்துக்கு எம்முறையும் பொருந்தவில்லை என்றாள்.

முறை வைத்தபின் வந்தது தொல்லை. ஒருவர் அறைக்குள் நுழைந்ததும் நான் முதல் வினாவைத் தொடப் போனேன்.

"ஏனுங்க, நில்லுங்க" என்று என் கையைப் பிடித்தாள். "போனதீம் போகாததீமா எங்க இருந்தீங்கன்னு கேட்டா அவரு என்ன நெனப்பாருங்க? எளவு உளுந்த ஊடு. மொதல்ல நல்லா இருக்கீங்களான்னு நாலு வார்த்த பேசோணும். அப்புறமேட்டுக்குத்தான் மத்ததெல்லாம்."

"இது உயிரற்ற பொறியம்மா."

"பொறின்னா மருவாதி வேண்டாங்களா?"

ஆகவே நான்காவது வினாவே எங்கும் முதல் வினாவாயிற்று. மாமா தம் மூட்டுவலியைச் சொன்னார். அத்தை கிளியின் உணவைப் பற்றிச் சொன்னார். அம்மணி வண்ணங்களின் விலையேற்றத்தைப் பற்றிச் சொன்னார். இவள் ஒவ்வொன்றுக்கும் "அய்யோ பாவம்" என்று தலையசைத்தாள். ஐவரிடமும் நலம் உசாவி, கிளியிடமும் ஒருமுறை உசாவி முடித்தபோது கிழக்கு வெளுத்துவிட்டது. காவலர் கதவைத் தட்டினர். கொலை பற்றி ஒரு வினாவும் நாங்கள் கேட்டிருக்கவில்லை.

எங்கள் பக்கத்து மக்கள் மட்டுமே இப்படித் தோற்க முடியும் என்று அன்று நினைத்துக்கொண்டேன். வந்த காரியத்தை வாயிற்படியிலேயே சொல்வது இங்கே வழக்கமன்று. நிலம் விலை பேச வந்தவரும் மாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசி, காப்பி குடித்து, எழுந்து செருப்பை மாட்டிக்கொண்ட பிறகே, "அப்புறம் அந்த அன்னூர்க் காடு..." என்று தொடங்குவார். அந்நேரத்துக்குள் இம்மாளிகையில் விடிந்துவிடும்.

அடுத்தடுத்த ஆட்டங்களில் அவள் உசாவலைச் சற்றுச் சுருக்கினாள். ஆயினும் தோற்றோம். ஒருமுறை துப்புகள் யாவும் அத்தையையே காட்டின. கையுறையில் கறை, படுக்கையடியில் நஞ்சுக்குப்பி. இவளோ ஒப்பவில்லை. "கிளிக்குப் பேரு வெச்சுக் கொஞ்சறவங்க ஒரு உசுர எடுப்பாங்களா?" என்று சொல்லி மருத்துவரைச் சுட்டினாள். அத்தை அழகாக வணங்கிவிட்டு, கிளிக்கூண்டோடு வண்டியேறினார். "மூஞ்சியப் பாத்து மோசம் போயிட்டனே" என்று அன்று மாலை முழுதும் புலம்பினாள்.

நான் பொறுப்பேற்ற ஆட்டங்களிலும் பெருமை கொள்ள ஒன்றுமில்லை. காட்சி, கருதல், உரை என்று நம் முன்னோர் உண்மையை அறிய வகுத்த அளவைகளின்படி முறையாக ஆராய்ந்து, ஒருமுறை படைத்தலைவரைக் குற்றவாளி ஆக்கினேன். வீட்டுக்குள் செருப்போடு நடமாடியவர் அவரே என்பது என் கருதலுக்கு அடிப்படை. அந்நாட்டில் எல்லோரும் வீட்டுக்குள் செருப்போடுதான் நடப்பார்கள் என்பது, அம்மணி வண்டியேறிப் போனபின் தோன்றியது.

மைத்துனர் ஒரே ஒருமுறை வென்றிருந்தார். அந்தச் செருக்கில் நாள்தோறும் தொலைபேசுவார். "அக்கா, இன்னிக்கு எந்த அப்பாவிய உள்ள போட்டீங்க?"

ஒருநாள் அவர் குரலில் வேறு செய்தி வந்தது. கண்ணாடி அறை முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வேனோடு வந்து பொறியை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். இல்லாள் தொலைபேசியை மறுகாதுக்கு மாற்றினாள். பிறகு, "ஒருத்தனையாச்சும் புடிக்காம எப்படிக் கண்ணு குடுக்கறது?" என்றாள்.

தொலைபேசிக்கு வெளியிலும் கேட்கும்படி அவர் சிரித்தார். "உங்களால ஆகாதுங்க்கா. நீங்க கொலைகாரனுக்குக் காப்பி வெச்சுக் குடுக்கற ஆளு."

"ஆகாதா? நாயித்துக்கெழம உன்ற கண்ணு முன்னாலயே புடிக்கறேன். புடிச்சுட்டேன்னா பொட்டி இங்கதான் இருக்கோணும்."

"அப்ப என்ற பில்லெல்லாம்?"

"இங்க வந்து அடிச்சுக்க."

"சரிங்க்கா. தோத்துப்போட்டு அழுகக்கூடாது" என்று அவர் உடனே ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட விரைவுதான் அவளைச் சுட்டது. அந்த வாரம் முழுவதும் அவள் விளையாடவில்லை. துணி போர்த்திய பொறியைப் போகும்போதும் வரும்போதும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

ஞாயிறு முற்பகலில் வேன் வந்து வாசலில் நின்றது. பொறியைக் கட்டக் கயிறும் பழைய மெத்தையும் அதில் இருந்தன. மைத்துனர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகின்மேல் கைகளை மடக்கிவைத்து அமர்ந்தார். உதவக்கூடாது, தடுக்கவும் கூடாது என்பது ஒப்பந்தம். கிண்டலைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒன்றும் இல்லை.

அன்றைய துப்பு ஒன்று தெளிவாக இருந்தது. நூலகக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. கொலையாளி புத்தக அடுக்கின் பின்னுள்ள சிறு வாயில் வழியே தோட்டத்துக்குள் இறங்கித் தப்பியிருந்தார். கொடி படர்ந்து மறைத்த அவ்வாயிலை வீட்டுக்குப் பழகியவரன்றி வேறெவரும் அறியார். ஐவருள் நால்வர் ஆண்டுதோறும் அங்கே வருவோர். வழக்கறிஞரோ, இறந்தவரை அன்றுதான் முதன்முதலாகக் கண்டதாகவும் அவ்வூருக்கே அதற்குமுன் வந்ததில்லை என்றும் சொன்னார். ஆகவே நான் அவரை விலக்கினேன். எஞ்சிய நால்வருள் படைத்தலைவரின் காலணியில் தோட்டத்து ஈரமண் ஒட்டியிருந்தது.

கடிகாரத்தில் இன்னும் ஒரு வினாவுக்கே இடம் இருந்தது.

"மாமாவிடம் எங்கே இருந்தீர் என்று கேட்போம். சொன்னதும் முடிந்துவிடும்" என்றேன்.

இல்லாள் திரையைப் பார்த்தபடி விரல்விட்டு எண்ணினாள். "ஏனுங்க, வக்கீலய்யாவ நாம நல்லா இருக்கீங்களான்னு கேக்கவே இல்லீங்க."

"அவரைத்தான் விலக்கிவிட்டோமே."

"கொலையில இருந்து வெலக்குனா, பேச்சுல இருந்துமா வெலக்கறது? மத்த நாலு பேரையும் கேட்டாச்சு. அவர மட்டும் உட்டுப்போட்டா என்ன நெனப்பாருங்க? முறை சொல்லிக் கூப்புடாததுக்கே அவரு மனசுல வெச்சிருப்பாரு."

"இருப்பது ஒரே வினா!"

மைத்துனர் நாற்காலியோடு முன்னே சாய்ந்தார். முகம் மலர்ந்திருந்தது. "கேளுங்க்கா, கேளுங்க. ஊட்ல கொழந்த குட்டியெல்லாம் சௌக்கியமான்னும் கேளுங்க. நான் போயி கயித்த எடுத்துட்டு வாரேன்."

நான் தடுக்குமுன் அவள் என் கையோடு சேர்த்துச் சுட்டியை அழுத்திவிட்டாள். முள் நகர்ந்தது. எல்லாம் போயிற்று என்று எண்ணி, வெறுப்போடு அந்த விடையைத் தமிழாக்கினேன். "மிக நலம், ஐய. ஆயினும், இத்தோட்டத்து ரோசா மலர்கள் சென்ற வேனிலிற் கண்டது போன்று இவ்வாண்டு செழிக்கவில்லை என்பதே என் சிறு வருத்தம்."

"பூவுக்கென்ன இப்போது" என்று நான் முணுமுணுத்தேன்.

"என்னுங்க சொன்னீங்க? இன்னொருக்காப் படியுங்க."

மறுபடி படித்தேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"போன கோடையில இவரு எப்படீங்க இந்தத் தோட்டத்தப் பாத்தாரு? இந்த ஊருக்கே இன்னிக்குத்தான வந்தேன்னாரு?"

உரை என்னும் அளவை, உரைப்பவர் வாய்மையாளராய் இருந்தால் மட்டுமே செல்லும் என்பதை மாணவர்க்குப் பல ஆண்டுகள் சொல்லியவன் நான். அவ்வழக்கறிஞரின் சொல்லை ஒரு நொடியும் ஐயுறாமல் ஏற்றிருந்தேன். வீட்டை அறியாதவர்போல் நடித்தவர்க்குத் தோட்டமும் தெரியும், தோட்டத்து வாயிலும் தெரியும்.

மாளிகைக்கு வெளியே கோழி கூவும் ஒலி திரையில் எழுந்தது. காவலர் வந்து நின்றனர். ஐவரின் முகங்களும் வரிசையாய்த் தோன்றின. இல்லாள் சுட்டியைத் தானே வாங்கிக்கொண்டாள். படைத்தலைவரின் முகத்தருகே சென்ற அம்புக்குறி சற்று நின்று, பிறகு நகர்ந்து வழக்கறிஞரின் மேல் அமர்ந்தது. அழுத்தினாள். குறுந்தகடு உள்ளே கரகரவென்று சுழன்று எதையோ தேடியது. அத்தேடலைப் போல் நீண்ட பொழுதை நான் அறிந்ததில்லை.

வண்டி வந்தது. அதில் ஏறியவர் தனியாக ஏறவில்லை. இருபுறமும் காவலர் இருந்தனர்.

நான் எழுந்து நின்று கைதட்டினேன். இல்லாள் இரு கைகளாலும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிறுமிபோல் சிரித்தாள். பிறகு வண்டி போன திசையைப் பார்த்து, "பாவம், கேட்டதுக்கு மருவாதியாத்தான் பதில் சொன்னாரு" என்றாள்.

மைத்துனர் வாயிலில் கயிற்றுச் சுருளோடு நின்றிருந்தார். "இது போங்குங்க்கா! நல்லா இருக்கீங்களான்னு கேட்டுக் கொலைகாரனப் புடிக்கற போலீசு எந்த ஊர்ல இருக்குது? மச்சான், நீங்களே சொல்லுங்க, இது செல்லுமுங்களா?"

"செல்லும், மாப்பிள்ளை" என்றேன்.

"கயித்த அங்க மாட்டிப்போட்டுச் சாப்புட வாடா" என்றாள் அவள். வேன் வெறுமையாகத் திரும்பிற்று.

கருமத்தம்பட்டியில் கண்ணாடி அறை ஆளின்றி நிற்கவில்லை. தறியோசை கேட்காத இடம் அதுவொன்றே என்று அவர் உள்ளே நாற்காலி போட்டுச் செய்தித்தாள் படிக்கத் தொடங்கினார். சனிக்கிழமைதோறும் பட்டியல்களைத் தட்டச்சிட எங்கள் வீட்டுக்கு வருவார். ஒற்றை விரலால் இரண்டு பட்டியல் அடிப்பதற்குள் அவர் கண் குறுந்தகட்டின் பக்கம் போய்விடும். மூவரும் மாளிகைக்குள் நுழைந்துவிடுவோம்.

அப்படி ஒரு சனிக்கிழமை பிற்பகலில் தொலைபேசி அடித்தது. துணி வாங்கும் பல்லடத்து வணிகர், பட்டியல் இன்னும் வரவில்லையென்று கேட்டார். இல்லாள் ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு, "கண்ணு, பல்லடத்துக்காரருடா. என்ன சொல்லட்டும்?" என்றாள்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அக்கா, அத்தை இப்பத்தானுங்க வாயத் தொறந்திருக்காங்க. பில்லு அடிச்சுட்டு இருக்கறேன்னு சொல்லிப்போடுங்க."

அவள் அவ்வாறே சொன்னாள். சொல்லுமுன் அந்த வணிகரிடம், ஊரில் மழை உண்டா, வீட்டில் எல்லோரும் நலமா என்று பொறுமையாகக் கேட்டாள். பேசி முடித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எங்கள் நடுவில் அமர்ந்தாள்.