இடது கால் எட்டும் உயரம்

வண்டி வாங்கப் போகிறவன் எஞ்சினைப் பார்ப்பான். நான் சீட்டின் உயரத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. என் இடது கால் வலதைவிட இரண்டு விரற்கடை குட்டை. வடக்கே போர்வெல் போடும் லாரியில் வேலை செய்தபோது இரும்புக் குழாய் விழுந்து கால் முறிந்தது. கட்டு பிரிக்கும்வரை ஓரிடத்தில் படுத்துக் கிடக்க எனக்குப் பொறுமை இல்லை, ஊர் மாறிவிட்டேன். எலும்பு அதன் போக்கில் சேர்ந்துகொண்டது.

எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். ஊர் ஊராகச் சுற்றிவிட்டு இப்போது கள்ளக்குறிச்சியில் மனைவியோடு இருக்கிறேன். கல்வராயன் மலை ஊர்களில் மாவு மில் மோட்டாரும் தண்ணீர் மோட்டாரும் பழுது பார்ப்பது பிழைப்பு. தார் ரோடு முடிந்த பிறகு கல்லும் செம்மண்ணுமாக ஒற்றைத் தடம்தான். பழைய வண்டி அந்தக் கல்லில் அடிபட்டு அடிபட்டு ஓய்ந்துவிட்டது.

கால் முறியும் முன், வற்றிய ஏரியில் நடக்கும் பைக் பந்தயத்தில் ஓட்டியிருக்கிறேன். அதையும் விட மனமில்லை. டவுனுக்கு, மலைக்கு, பந்தயத்துக்கு என்று ஒரே வண்டி தேடினேன். என்னோடு பந்தயத்தில் ஓட்டிய ஒருவர் சின்னசேலத்தில் தன் வண்டியை விற்கப் போவதாகச் சொன்னார். உயரமான மண் தட வண்டி. நம்பர் பிளேட், ஹெட்லைட், கண்ணாடி எல்லாம் இருந்தன. ரோட்டில் யாரும் நிறுத்தி ஒன்றும் கேட்க முடியாது.

ஏறி உட்கார்ந்தேன். இடது கால் நுனி தரையை லேசாகத் தொட்டது.

"ஒட்டகத்து மேல குந்திக்கினு இருக்கிற மாதிரி இருக்குதுண்ணே" என்றார் வண்டிக்காரர்.

"ஓடுற ஒட்டகம்தானே."

"ஒரு நாள் மலைக்கு எடுத்துக்கினு போய்ப் பாருங்க. அப்பாலிக்கா பேசிக்கலாம்."

மறுநாள் காலை மலையேறினேன். அந்த வண்டி கல்லைக் கல்லாகவே மதிக்கவில்லை. தடத்தில் ஒரு வளைவில் நிறுத்திப் பார்த்தேன். இடது பக்கம் மலைச்சரிவு. மேடான மண்ணில் கால் சுலபமாக ஊன்றியது. எனக்காகவே செய்த வண்டி என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் வேலை முடித்து இறங்கும்போது அதே வளைவில் விறகுக் கட்டோடு ஒரு பெண் எதிரே வந்தார். நிறுத்தினேன். இறக்கத்தில் வலது கால் பிரேக்கை விட்டு எழ முடியாது. இடது கால்தான் இறங்க வேண்டும். இறங்கியது. ஏறும்போது மலை இருந்த பக்கம் இப்போது பள்ளம். கால் தரையைத் தேடிக்கொண்டே போக, நானும் வண்டியும் உண்ணிச்செடிப் புதரில் கிடந்தோம். புதர் இல்லாவிட்டால் பாறை.

அந்தப் பெண் கட்டை இறக்கி வைத்துவிட்டு வந்து கை கொடுத்தார். "எட்டாத வண்டில ஏன்யா ஏறுற?" என்றார். எழுந்து வண்டியை நிமிர்த்தினேன்.

வளைந்த கிளட்ச் லீவரை மாற்றிவிட்டு வண்டியைச் சின்னசேலத்துக்குத் திருப்பிக் கொண்டு போனேன். நடந்ததைச் சொன்னேன்.

"சீட்டு ஸ்பாஞ்சை அறுத்துட்டு சஸ்பென்ஷனையும் எறக்கிடலாம்ண்ணே."

"எறக்கினா?"

"ஏரி மேட்டுல குதிச்சா வண்டி அடி தரையில தட்டும். ரேஸுக்கு ஆவாது." என் காலைப் பார்த்தார். "ரேஸுக்குன்னா இப்பிடியே எடுங்க. மலைக்குன்னா வேற வண்டி பாருங்க. ஒரே வண்டில ரெண்டுக்கும் அந்தக் கால் வராது."

வீட்டில் மனைவி சிராய்ப்பில் மருந்து தடவினாள். திட்டவில்லை. "அந்தத் தடத்துல ஃபோன் எடுக்காது. நீ வுழுந்து கெடந்தா எனக்கு யாரு வந்து சொல்லுவாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

சீட்டு தாழ்ந்த, முண்டு முண்டான டயர் போட்ட வேறொரு வண்டி எடுத்தேன். மலைக்குப் போதும், டவுனுக்கும் போதும். அந்த வருஷப் பந்தயத்தன்று ஏரிப் பக்கம் போகாமல், மலையில் ஒரு மாவு மில் மோட்டாரைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்போதும் இறங்கும்போது அந்த வளைவில் ஒருமுறை நிறுத்துகிறேன். எதிரே யாரும் வர வேண்டும் என்றில்லை. இடது கால் பள்ளத்து ஓரத்தில் முழுதாக ஊன்றுகிறது. பிறகு வீட்டுக்குப் போகிறேன்.