கண்டக்டர் மகள் காதில் விழுந்த ரைட்

சென்னையிலேயே மெதுவாகக் கார் ஓட்டுகிற ஆள் யார் என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் டெல்பின் என்று சொல்வேன். மந்தைவெளியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் அவள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தாள். லஸ் பக்கம் மெட்ரோ வேலைக்காகச் சாலையை வளைத்து வளைத்து விட்டிருக்கிறார்களே, அங்கே எங்களைத் தண்ணீர் கேன் வண்டிக்காரர் முந்திக்கொண்டு போவார். சைக்கிளில் டீ விற்கிறவர் முந்திக்கொண்டு போவார். ஒருநாள் ஒரு மாடு முந்திக்கொண்டு போனது, சத்தியமாகச் சொல்கிறேன். பின்னால் வருகிறவர்கள் ஹாரனில் கையை வைத்தால் எடுக்க மாட்டார்கள். டெல்பின் அசரவே மாட்டாள்.

"இருபதுக்கு மேல போகாதீங்க ஆன்ட்டி. போறவங்க போகட்டும்" என்பாள்.

இந்தப் பெண்தான் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துப் பந்தயத் தடத்தில் இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிறாள் என்றால் யார் நம்புவார்கள்? அவர்கள் வீட்டுக்கு மேல்மாடியில் பதினைந்து வருஷமாகக் குடியிருக்கும் நானே நம்பவில்லை. ஒருநாள் அவளிடம் நேராகவே கேட்டுவிட்டேன்.

"அங்க எல்லாரும் ஒரே பக்கமா போறாங்க ஆன்ட்டி. இங்க எதிர்லேர்ந்து வர்றாங்க, சந்துலேர்ந்து வர்றாங்க, ஆட்டோக்காரர் கால வெளிய நீட்டினா அதுதான் சிக்னலாம். எனக்கு பயமா இருக்காதா?"

சாந்தோமில் எங்கள் குடியிருப்பின் கீழ்வீடு அவர்களுடையது. அப்பா ஃபிரெட்ரிக் மாநகரப் பேருந்தில் கண்டக்டர். முப்பது வருஷமாகப் பஸ்ஸிலேயே வாழ்கிற மனிதர், ஒரு ஸ்கூட்டர்கூட ஓட்டத் தெரியாது. அம்மா ஐரின் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தப்பாகப் பேசினால் அந்த இடத்திலேயே திருத்துவாள், விருந்தாளி என்றுகூடப் பார்க்க மாட்டாள்.

ஃபிரெட்ரிக் வாயைத் திறந்தால் 'ரைட்'தான் வரும். சிலிண்டர் போடுகிறவர் படியிறங்கினால் ரைட். சாப்பிட்டு இலையை மடித்தால் ரைட். ஒரு ஞாயிறு பூசை முடிவில் ஃபாதர் ஆசீர்வாதம் கொடுக்க, எல்லோரும் ஆமென் சொல்ல, இவர் மட்டும் "போலாம் ரைட்" என்று சொல்லிவிட்டு ஐரினிடம் ஒரு வாரம் வாங்கிக் கட்டிக்கொண்டார். டெல்பின் நடை பழகியதே இதில்தானாம். அப்பா ரைட் என்றால் குழந்தை காலை எடுத்து வைக்கும், 'ஹோல்டான்' என்றால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கும் அவளை வாசலில் நிறுத்தி "ரைட், ரைட்" என்று இரண்டு தடவை சொல்லித்தான் அனுப்பினார்.

கார் பைத்தியம் பிடித்தது அந்தப் பரீட்சைக்குப் பிறகுதான். தோழி ஒருத்தியின் பிறந்தநாளுக்கு ஈ.சி.ஆர். பக்கம் போனவர்கள், தரையோடு தரையாகப் போகும் அந்தச் சின்னப் பந்தய வண்டிகளை ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். மற்ற பெண்கள் கத்திக்கொண்டே மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு ஐஸ்கிரீம் சாப்பிடப் போய்விட்டார்கள். இவள் இறங்கவே இல்லை. அதற்குப் பிறகு கல்லூரியில் பி.எஸ்ஸி. கணக்கு படித்தபடியே பந்தயம் ஓட்ட ஆள் எடுக்கும் ஒவ்வொரு தேர்வு முகாமாகப் போய் நின்றாள். கடைசியில் ஸ்ரீகிருஷ்ணா கண்ணில் பட்டாள்.

ஸ்ரீகிருஷ்ணா மயிலாப்பூர்க்காரர். கோயில் மாடவீதியில் வீடு, நெற்றியில் சந்தனம், கையில் எந்நேரமும் ஸ்டாப்வாட்ச். சொந்தமாக இரண்டு பந்தயக் கார் வைத்திருந்தார். ஒன்றில் டெல்பினை உட்காரவைத்தார். இன்னொன்றில் ஜான்சன். பாலவாக்கத்து மீனவக் குடும்பத்துப் பையன், வாய் ஓயாமல் கிண்டல் பேசுவான், ஓட்டுவதில் கெட்டிக்காரன்.

மூன்று வருஷம் இருவரும் சம்பளம் இல்லாமல் ஓட்டினார்கள். போன வருஷம் ஸ்ரீகிருஷ்ணா ஒரு முடிவு சொன்னார். அடுத்த பருவம் முழுக்க, ஊர் ஊராகப் போய்ப் பந்தயம் ஓட்ட, சம்பளத்தோடு ஒரே ஒரு ஆளை எடுப்பார். நடக்கிற பருவத்தின் கடைசிப் பந்தயத்தில் இந்த இருவரில் யார் முன்னால் வருகிறார்களோ அவர்களுக்கு அந்த இடம்.

கீழ்வீட்டில் அன்றைக்கு ஐரினும் ஒரு முடிவு சொன்னாள். எனக்கு மாடியில் கேட்டது.

"கிடைச்சா ஓட்டு. கிடைக்கலைன்னா அதோட நிறுத்திட்டு பி.எட். சேரணும். இன்னும் எத்தனை வருஷம் இப்படியே சுத்திக்கிட்டு இருப்ப?"

டெல்பின் சரி என்றாள். ஐரினிடம் கொடுத்த வாக்கை அந்த வீட்டில் யாரும் மீறியதில்லை.

கடைசிப் பந்தயத்துக்கு நான், ஐரின், ஃபிரெட்ரிக் மூவரும் போனோம். பன்னிரண்டு சுற்று. பதினோராவது சுற்றுவரை ஜான்சன் முன்னால், டெல்பின் அவன் பின்னால் ஒட்டிக்கொண்டே. கடைசிச் சுற்றில், தூரத்து வளைவில், வேறு யாரோ ஒருவருடைய கார் தடத்தை விட்டு மண்ணில் இறங்கி நின்றுவிட்டது. இப்படி ஏதாவது நடந்தால் மஞ்சள் கொடி காட்டுவார்கள். கொடியைப் பார்த்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும், யாரும் யாரையும் முந்தக் கூடாது. ஜான்சன் குறைத்தான். டெல்பின் சர்ரென்று அவனைத் தாண்டிக்கொண்டு போய் முதலில் கோட்டைத் தொட்டாள். ஃபிரெட்ரிக் எழுந்து குதித்தார். விவரம் தெரியாத நானும் குதித்தேன்.

அரை மணி நேரத்தில் குதித்ததெல்லாம் வீணாகிவிட்டது. மஞ்சள் கொடியின்போது முந்தியதற்காக அவளுடைய நேரத்தோடு பத்து வினாடி சேர்த்துவிட்டார்கள். ஜான்சன் முன்னால் என்று அறிவித்தார்கள்.

நாங்கள் கீழே இறங்கி ஓடினோம். கார்கள் நிற்கும் கொட்டகையில் ஸ்ரீகிருஷ்ணா காதுக் கருவியைக் கழற்றாமலேயே கத்திக்கொண்டிருந்தார்.

"வலது பக்கம் கொடி காட்டறான், பாரு, பாருன்னு ரேடியோல ரைட், ரைட்னு தொண்டை கிழியக் கத்திண்டிருக்கேன். நீ என்னடான்னா அந்த அமுக்கு அமுக்கறியேம்மா!"

டெல்பின் முகத்தில் ரத்தமே இல்லை. "ரைட்னா போலாம்னுதானே சார்?"

"ரைட்னா வலது பக்கம்!"

"ஒரு தடவ சொல்லியிருந்தா வலதுன்னு நினைச்சு கொடியப் பாத்திருப்பேன் சார். ரெண்டு தடவ சொன்னீங்களே. ரைட் ரைட்னா… போலாம்தானே?"

அறிவிப்புக்கு முன்பே ரேடியோப் பதிவை வாங்கிக் கேட்ட அதிகாரிகளில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தாராம். மற்றவர்கள் வெளிமாநிலத்தார், அவர்களுக்குப் புரியவே இல்லையாம். சிரித்தவரும் சிரித்துவிட்டுத் தண்டனைத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார். விதி விதிதானே.

ஃபிரெட்ரிக் அங்கே கிடந்த ஒரு டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். "என்னாலதான்மா. என் பாழாப்போன வாயிதான். ஊட்டுக்குள்ளயும் பஸ்ஸ ஓட்டிக்கினு இருந்தேனே, அதான் இப்ப இன்னா ஆச்சு பாரு" என்று தலையில் அடித்துக்கொண்டார். அந்த மனிதரை அப்படிப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

நான் ஐரினைப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், அவள் நிம்மதிப் பெருமூச்சு விடுவாள் என்றுதான் எதிர்பார்த்தேன். மகள் இனி ஒழுங்காக வீட்டுக்கு வந்துவிடுவாள், பி.எட். படிப்பாள், டீச்சராவாள். ஐரின் கேட்டதெல்லாம் தானாகவே நடந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு காரில் ஏறியிருந்தால் போதும்.

ஐரின் கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நேரே ஸ்ரீகிருஷ்ணாவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"சார், நான் முப்பது வருஷமா பேப்பர் திருத்துறேன். கேள்வித்தாள்ல கேள்வியே தப்பா இருந்தா என்ன செய்வோம் தெரியுமா?"

ஸ்ரீகிருஷ்ணா முழித்தார். "என்ன பண்ணுவேள்?"

"எழுதின பிள்ளைங்களுக்கு மார்க் போட்டுருவோம். தப்பு பிள்ளைங்களோடது இல்ல, கேள்வி கேட்டவங்களோடது."

"மாமி, ரூல்னு ஒண்ணு இருக்கே. அதை நான் எப்படி மாத்தறது?"

"அதை மாத்தச் சொல்லல. பந்தயத்துல அவ தோத்தது தோத்ததுதான். ஆனா அந்த வேலை உங்க பரீட்சை. நீங்க வச்சது, நீங்க கேட்டது. ரெண்டு அர்த்தம் வர்ற மாதிரி கேட்டுட்டு, ஒரு பதிலுக்கு மட்டும் மார்க் போடுறது நியாயமா?"

ஸ்ரீகிருஷ்ணா ஸ்டாப்வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஜான்சன் சரியாத்தானே ஓட்டினான்?"

"சரியா எழுதிட்டான். அவனுக்கு அநியாயம் பண்ணுங்கன்னு நான் கேட்க மாட்டேன்." ஐரின் ஜான்சன் பக்கம் திரும்பினாள். "தம்பி, நீயே சொல்லு. மறுபடி ஒரு பரீட்சை வச்சா எழுதுவியா?"

ஜான்சன் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அவன் கையில் வந்துவிட்ட வேலை அது. அவன் டெல்பினைப் பார்த்தான், டயர்மேல் உட்கார்ந்திருந்த ஃபிரெட்ரிக்கைப் பார்த்தான், பிறகு தலையைச் சொறிந்தான்.

"இன்னா டீச்சர், இப்டி மாட்டி உட்டுட்டீங்க. நாளைக்கு இவ மூஞ்சில நான் முழிக்கணும்ல? வைங்க, எழுதுறேன். ஆனா ரேடியோ வாணாம், சார் வாயத் தொறக்கவே கூடாது."

செவ்வாய்க்கிழமை காலையில் வைத்துக்கொண்டார்கள். ஒருவர் பின் ஒருவராக, தனித்தனியாக ஐந்து சுற்று. யாருடைய ஒரு சுற்று எல்லாவற்றிலும் வேகமோ அவருக்கு வேலை. பார்வையாளர் மேடையில் எங்களைத் தவிர யாரும் இல்லை.

ஜான்சன் முதலில் போனான். நன்றாகவே ஓட்டினான், அவனுடைய நேரத்தைப் பலகையில் எழுதிப்போட்டார்கள். பிறகு டெல்பின் கிளம்பினாள். அவள் கார் எங்களைத் தாண்டிப் போனபோது ஐரின் என் கையைப் பிடித்தாள். வளையல் என் தோலில் அழுந்தியது.

"அனு, இவ்வளவு வேகமாவா போறா?"

"வேற எப்படிப் போவாங்கன்னு நினைச்ச? மூணு வருஷமா பாத்துக்கிட்டுத்தானே இருக்க?"

"இல்லப்பா. ஒரு தடவகூடப் பாத்ததில்ல. வண்டி கிளம்பினதும் கண்ண மூடிக்குவேன். சத்தம் நின்னப்புறம்தான் தொறப்பேன்."

அன்று மட்டும் ஏன் திறந்து வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். "நான் கேட்டு வாங்கின பரீட்சையாச்சே. நான் பாக்காம யார் பாக்குறது?" என்றாள்.

முதல் சுற்றில் டெல்பின் பின்தங்கியிருந்தாள். இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் கொஞ்சம் நெருங்கினாள், நான்காவதில் ஒரு வளைவில் கார் வழுக்கி நேரம் போனது. ஃபிரெட்ரிக் உதட்டைக் கடித்துக்கொண்டு, வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார். ஐந்தாவது சுற்றில் அவள் எங்கேயும் வழுக்கவில்லை, எங்கேயும் தயங்கவில்லை. கோட்டைத் தாண்டியதும் ஸ்ரீகிருஷ்ணா ஸ்டாப்வாட்சை இரண்டு தடவை சரிபார்த்தார். ஜான்சனைவிட ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஜான்சன் கையைத் தட்டிவிட்டுத் தரையைப் பார்த்தபடி போய் உட்கார்ந்துகொண்டான். எனக்கு அவனுக்காகவும் கஷ்டமாக இருந்தது.

ஐரின் எழுந்திருக்கவில்லை. "அடுத்த வருஷம் பூரா இதே வேகத்துலதான் போவா, இல்ல? நான் பாட்டுக்கு சும்மா இருந்திருந்தா வீட்டுல இருந்திருப்பா. நானே வாய்விட்டுக் கேட்டு வாங்கிக் குடுத்துட்டேனே, அனு" என்றாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது, துடைக்கவும் இல்லை.

டெல்பின் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு வியர்வையோடு படியேறி ஓடிவந்தாள். அம்மா ஒவ்வொரு பந்தயத்திலும் கண்ணை மூடிக்கொள்வது அவளுக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. அப்பாவிடம் போகவில்லை, என்னிடம் வரவில்லை, ஐரினுக்கு முன்னால் வந்து மூச்சு வாங்க நின்றாள்.

"அம்மா, பாத்தியா?"

"பாத்தேன்டி" என்றாள் ஐரின். "ஒண்ணு விடாம பாத்தேன்."